கழுத்து வரை நிரம்பிய பாட்டில்

இயற்பியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று போனில் கேட்டீர்கள். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், அப்படி என்ன சொல்லிக் கிழிக்கப்போகிறோம் என்று தோன்றியது. நிறமாலைமானியைச் சரிசெய்வது எப்படி என்று உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் இணையத்தில் யாராவது என்னைவிடப் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். எனக்குப் பொறுமை கிடையாது என்று உங்கள் சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். அதை நம்பலாம்.

ஆகவே பாடம் நடத்தப்போவதில்லை. ஒரு பாட்டிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது பாதி நிறைந்து இருந்தது, ஒருநாள் பார்த்தால் கழுத்து வரை நிரம்பியிருந்தது, அதனால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோக இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கண்ணாடித் துண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று உங்களுக்குப் புரியாது.

நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தது 1993இல். வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். காலையில் பாசஞ்சர் ரயில். அது வராவிட்டால் ஜங்ஷனிலிருந்து ஓடிப்போய் பஸ். வியர்த்து விறுவிறுத்து ஆய்வகத்துக்குள் நுழைந்தால், அப்போதைய துறைத்தலைவர் என்னைப் பார்க்க மாட்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். நல்ல மனிதர்தான். பாடம் எடுத்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஒரு பொருள் உடைந்துவிட்டால் மனிதர் போலீஸ்காரராகிவிடுவார்.

சேர்ந்த வருடமே அது நடந்தது. கிரேட்டிங் என்று சொல்வோமே, கண்ணுக்குத் தெரியாத கோடுகளை நெருக்க நெருக்கமாக இழுத்த கண்ணாடித் துண்டு, வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டுமே, அது. அதன் முகத்தில் விரல்கூடப் படக் கூடாது. யாரோ ஒரு புண்ணியவான் தூசி தட்டுகிறேன் என்று அதைத் துணியால் அழுத்தித் துடைத்து வைத்துவிட்டார். தலைவர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். யார், யார், யார் என்று மாலை வரை அதே கேள்வி. யாரும் வாய் திறக்கவில்லை. யார் செய்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆனால் அதற்குப் பிறகு எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். எது கெட்டாலும் சத்தமில்லாமல் இருந்த இடத்தில் வைத்துவிடுவது என்று ஆகிவிட்டது. செய்முறைத் தேர்வு வந்தபோது பிள்ளைகளின் அளவீடுகள் தாறுமாறாக இருந்தன. எந்தக் கருவியில் கோளாறு என்று சொல்ல ஆளில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உதட்டைப் பிதுக்கிவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். துடைத்தவர் தப்பிவிட்டார், பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். நாளைக்கு நான் தலைவராக வந்தால் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவே கூடாது என்று ரயிலில் உட்கார்ந்து முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்வது சுலபம். கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தேவகி விஷயத்தில்தான் தெரிந்தது.

தேவகி என்னிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தபோது நான் தலைவராகியிருந்தேன். இரண்டாயிரத்துப் பத்தைத் தாண்டிய வருடங்கள். மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். அவளுக்கு ஊர் மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பம். அண்ணன் படகு வைத்திருந்தார். அலைச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குடும்பம் என்பதால் அவளுக்குக் குரல் பெரியது. ஆய்வகத்தில் அவள் ரகசியம் பேசினால் மாடியில் கேட்கும்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம், காந்தத்தால் நிறம் மாறுகிற ஒளிப்படிகம். ஃபோட்டானிக் கிரிஸ்டல் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மயிலிறகில் நீலச் சாயம் எதுவும் கிடையாது. அதற்குள் மிக நுண்ணிய அடுக்குகள் ஒரே இடைவெளியில் அமைந்திருக்கின்றன. அந்த இடைவெளி எந்த நிறத்துக்குப் பொருந்துகிறதோ அந்த நிறத்தைத் திருப்பி அனுப்பும். இடைவெளி மாறினால் நிறம் மாறும். மயிலிறகில் நாம் விரும்பியபடி மாற்ற முடியாது, தேவகியின் திரவத்தில் மாற்றலாம். இரும்பு ஆக்சைடில் செய்த கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள், அவற்றின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பூச்சு, அவை மிதக்கச் சுத்தமான நீர், அவ்வளவுதான். சும்மா பார்த்தால் கடுங்காப்பி. காந்தத்தைக் காட்டினால் உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி கட்டி நிற்கும். காந்தம் தள்ளி இருந்தால் சங்கிலியில் இடைவெளி அதிகம், சிவப்பு தெரியும். கிட்டே கொண்டுவந்தால் இடைவெளி குறைந்து பச்சை. இன்னும் கிட்டே வந்தால் நீலம்.

உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம் அவற்றின் மேல் இருக்கிற மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் உப்பு கலந்தால் அந்தத் தள்ளல் போய்விடும், கூடவே நிறமும் போய்விடும். உப்பு என்றால் சமையல் உப்பு மட்டும் இல்லை, நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கிற சகலமும்தான். இந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று உங்களுக்கே தெரியும்.

முதல் தடவை எனக்குக் காட்டியபோது, நான் காந்தத்தைச் சோதனைக் குழாயின் பக்கவாட்டில் வைத்துவிட்டு மேலிருந்து எட்டிப் பார்த்தேன். கடுங்காப்பி கடுங்காப்பியாகவே இருந்தது.

"அப்டி பாத்தா ஒண்ணும் தெரியாது மேடம். காந்தம் அடியில, கண்ணு மேல. சங்கிலிய நேரா பாக்கணும்," என்றாள்.

அடியில் பிடித்தேன். அந்தப் பழுப்புக்குள்ளிருந்து பச்சை எழுந்து வந்தது. ஒளியியல் நடத்தியே பிழைத்தவள் நான். அன்றைக்குக் காந்தத்தை மேலே கீழே ஆட்டிக்கொண்டு அடுத்த வகுப்பை மறந்து நின்றேன்.

அந்தத் திரவத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஒவ்வொரு முறை செய்யும்போதும் ஏதாவது ஒன்று மாறிப்போகும். ஒரு சரக்கில் சிவப்போடு நின்றுவிடும். இன்னொன்றில் எதுவும் வராது. மாதக்கணக்காக முயன்றதில் ஒரே ஒரு சரக்குதான் எல்லா நிறத்தையும் காட்டியது. அதை வைத்துக்கொண்டு அவள் மறுஆய்வுக் குழுவின் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. குழுவுக்குத் திருப்தி என்றால் உதவித்தொகை நீளும், ஆய்வு தொடரும். இல்லையென்றால் அதோடு சரி. அவள் அண்ணன் கெட்டவர் இல்லை. இவ்வளவு நாள் படிக்கவைத்தவரே அவர்தான். ஆனால் அவரும் ஒரு கோடு கிழித்திருந்தார். "ரிவியூ பாஸானா படி. இல்லன்னா மூட்டைய கட்டிக்கினு ஊட்டுக்கு வந்துடு, சொல்ற எடத்துல கல்யாணம் பண்ணிக்க." இவளும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

குழு வருவதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது.

விடுமுறை விடுவதற்கு முதல் நாளே துறையில் கும்பிட்டுவிடுவது நம் வழக்கம். அந்த வேலை முழுக்க ஆய்வக உதவியாளர் ஏழுமலையுடையது. ஒலக்கூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். பூஜைக்கென்று வீட்டிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவித்துக் கொண்டுவருவார். நிறமாலைமானி, நுண்ணோக்கி, யூ.பி.எஸ். பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். என் நாற்காலிக்கும் ஒன்று வைப்பார், அது எந்த வகையில் ஆயுதம் என்று நான் கேட்டதில்லை.

தேவகி தன் சரக்கை அதுவரை விரல் நீளக் குழாய்களில்தான் வைத்திருந்தாள். குழுவுக்குக் காட்டுவதற்காகப் புதுக் கண்ணாடி பாட்டில் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் ஊற்றியிருந்தாள். பாட்டில் பெரியது, சரக்கு அதில் பாதிக்குத்தான் வந்தது. அதைக் கொண்டுவந்து சாமி படத்தின் முன்னால் வைத்தாள்.

"எங்கூர்ல வலையும் படகும் வச்சிக் கும்புடுவாங்க மேடம். எனக்கு இதான் வலை," என்றாள். ஏழுமலை அந்தப் பாட்டிலுக்கு மட்டும் தாராளமாகச் சந்தனம் அப்பினார். அவளுக்கு நல்லபடியாக முடியட்டும் என்ற ஆசைதான்.

இங்கே இன்னொருவரைச் சொல்ல வேண்டும். வேதியியல் துறையில் என் வயதுக்காரர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். கெமிஸ்ட்ரி சார் என்றே இருக்கட்டும். கறுப்புச் சட்டைக்காரர். சாமி இல்லை, சாத்திரம் இல்லை, சகுனம் இல்லை. ஸ்டாஃப் ரூமில் என்னோடு அவர் போட்ட சண்டைகளைத் தொகுத்தால் ஒரு அலமாரி நிறையும். பூஜை மணி அடித்தால் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். மணி நின்றதும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "பொரி இன்னும் வர்ல?" என்று குரல் வரும். அவருடைய துறையில்தான் நல்ல வடிநீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர், கிடைக்கும். தேவகிக்கு வேண்டிய சுத்தமான நீரெல்லாம் அவர் கொடுத்ததுதான். தன் மாணவிக்குக்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்க மாட்டார்.

விடுமுறை முடிந்து வந்த அன்று காலை தேவகியின் குரல் கேட்டது. வழக்கமாகப் பெரிய குரல் அன்று சின்னதாக இருந்தது. அதனால்தான் ஓடிப்போனேன். பாட்டில் சாமி படத்தின் முன்னால் அப்படியே இருந்தது. பாதி இருந்த திரவம் கழுத்து வரை நிரம்பியிருந்தது. அவள் காந்தத்தை அடியில் பிடித்திருந்தாள். நிறம் எதுவும் இல்லை. அடியில் பழுப்புச் சேறு மாதிரி திரண்டு கிடந்தது.

குழு மறுநாள் வருகிறது.

"எவனோ எத்தையோ ஊத்திட்டான் மேடம்," என்றாள். அப்புறம் அழுகையைக் கோபம் தின்றுவிட்டது. ஏழுமலையைப் பார்த்துத் திரும்பினாள். "நீதானண்ணா சாவி வச்சிக்கினு இருக்க? யார உள்ள வுட்ட? நீயே ஊத்தினியா?"

ஏழுமலையின் முகம் சுருங்கிப்போனது. "நானாம்மா? உன் பாட்டில நானா தொடுவேன்?" என்றார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கத் தொடங்கினார்.

அவளுக்கு அது போதவில்லை. கூடப் படிக்கிற ஒருவர் மேல் சந்தேகம், பக்கத்து ஆய்வகத்தின் மேல் சந்தேகம். பொறாமையில் யாரோ வேண்டுமென்றே செய்துவிட்டார்கள் என்று வராந்தாவில் நின்று சொன்னாள். அவள் சொன்னால் கல்லூரிக்கே கேட்கும். கதவுகள் திறந்தன, ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், பார்த்த வேகத்தில் உள்ளே போய்விட்டார்கள். 1993இல் பார்த்த அதே முகங்கள். யாருக்காவது ஏதாவது தெரிந்திருந்தால்கூட அந்த நிமிடத்தில் அது வெளியே வராது என்று எனக்குப் புரிந்தது.

எனக்கும் கோபம்தான். யார் என்று கண்டுபிடித்துக் கையை முறிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் யார் என்பதால் அந்தப் பாட்டிலுக்கு ஒரு பயனும் இல்லை. என்ன ஊற்றினார்கள் என்பதுதான் வேண்டும். பூஜை மேசைக்குப் பக்கத்தில் அன்று பலவும் இருந்தன. குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ என்றால் வடிநீரில் திரும்பத் திரும்பக் கழுவினால் உப்பு போய்விடும், நிறம் திரும்பலாம். பன்னீர் என்றால் அதில் வாசனை எண்ணெய் இருக்கும், முதலில் ஆல்கஹாலில் கழுவ வேண்டும். ஆரத்தித் தண்ணீர் என்றால் அதில் சுண்ணாம்பு, லேசாக அமிலம் காட்டித்தான் எடுக்க முடியும். வெறும் தண்ணீர் ஊற்றிய சரக்குக்கு அமிலம் காட்டினால் பூச்சைத் தாண்டி உள்ளே இருக்கிற இரும்பை அரித்துவிடும். தப்பாக ஆரம்பித்தால் திருத்த நேரம் இல்லை, வேறு சரக்கும் இல்லை.

பூஜை அன்று அந்தப் பக்கம் வந்து போன எல்லோரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், ஏழுமலை, செய்தித்தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கெமிஸ்ட்ரி சார். தேவகியை என் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டேன்.

"யாருன்னு நான் கேக்கப் போறதில்ல," என்றேன். "இன்னைக்கும் கேக்க மாட்டேன், ரிடையர் ஆகிப் போற அன்னைக்கும் கேக்க மாட்டேன். தேவகியும் கேக்க மாட்டா. என்ன ஊத்தினாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும், இந்தப் பொண்ணோட படிப்பு பொழைக்கும். உள்ள ஒரு காலி பாட்டில் இருக்கு. குழாயும் இருக்கு, கேனும் இருக்கு, பன்னீர், மஞ்சள், சுண்ணாம்பு எல்லாம் அப்படியே இருக்கு. ஒவ்வொருத்தரா உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டுக் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரணும். நானும் போவேன். அன்னைக்கு எத ஊத்தினீங்களோ, அதே மாதிரி இதுலயும் ஊத்திட்டு வந்துடுங்க."

தேவகி என்னை எரிப்பதுபோலப் பார்த்தாள். கேட்காமல் விடுவதா என்ற பார்வை. நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். விட்டால் மறுபடி கத்துவாள் என்ற பயம்தான்.

காலி பாட்டிலின் மேல் ஒளியியல் ஆய்வகத்தின் கறுப்புத் துணியைப் போட்டு மூடினேன், அடுத்து வருகிறவருக்கு எதுவும் தெரியக் கூடாது என்று. ஒவ்வொருவராகப் போனார்கள், வந்தார்கள். வந்தவர் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று எல்லோரையும் தோட்டத்துப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். பேராசிரியர்கள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்து நின்ற காட்சியைப் பார்த்து, அந்தப் பக்கம் வந்த முதல்வர் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

கடைசியில் நானும் தேவகியும் உள்ளே போய்த் துணியை எடுத்தோம்.

பாட்டில் கழுத்து வரை நிரம்பியிருந்தது. மஞ்சள் இல்லை, பன்னீர் வாசனை இல்லை, தெளிந்த தண்ணீர். கரைந்திருக்கிற உப்பைக் காட்டிக்கொடுக்கிற கடத்துதிறன் மானியை விட்டுப் பார்த்தோம். குழாயில் வருகிற அதே தண்ணீர். எனக்கு மூச்சு வந்தது.

தேவகி மூச்சே விடாமல் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் ஒரு சொட்டு விட்டால் வழிந்துவிடும், அப்படி ஊற்றியிருந்தது. ஒளிந்து ஒளிந்து செய்கிற காரியத்தில்கூட, அந்த ஆள் அவசரமாக ஒரு மடக்கு ஊற்றிவிட்டு ஓடிவரவில்லை. நிதானமாக நிறைத்துவிட்டு வந்திருந்தார்.

"மேடம்," என்றாள் மெதுவாக. "கெடுக்கணும்னு இருந்தா இப்டி ஊத்த மாட்டாங்க. இது நெறகொடம் மேடம். சாமி முன்னாடி கொறையா இருக்கக் கூடாதுன்னு யாரோ நெறச்சிருக்காங்க. எங்கம்மாவும் இத்தான் பண்ணியிருக்கும்." அப்புறம் தலையில் அடித்துக்கொண்டாள். "பாதி பாட்டில எடுத்தாந்து சாமி முன்னாடி வச்சவ நான்தான்."

கொஞ்ச நேரம் அழுதாள். அழட்டும் என்று விட்டேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக ஏழுமலையிடம் போனாள். "அண்ணா, தப்பா பேசிட்டேண்ணா," என்றாள். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அத்த வுடு. தண்ணி எவ்ளோ வேணும்னு சொல்லு, ஜல்தியா வேலையப் பாரு," என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

தண்ணீர்தான் அடுத்த பிரச்சினை. வடிநீர் எடுக்கிற எங்கள் வடிகலத்தைப் போடலாம் என்று போனால் கரண்ட் இல்லை. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. கெமிஸ்ட்ரி சார், இரண்டு கையிலும் வடிநீர்க் கேன். அந்த மனிதர் வகுப்புக்குச் சுண்ணக்கட்டியைக்கூடத் தானாக எடுத்துக்கொண்டு போகிறவர் இல்லை. கேன்களை வைத்துவிட்டு, "பத்துமா? எங்க டிபார்ட்மெண்ட் ஸ்டாக்கு மொத்தமும் கொணாந்துட்றேன்," என்றார். ஏழுமலை ஓடிப்போய் உதவப் போனார். "நீ இரு, நான் பாத்துக்கறேன்," என்று தடுத்துவிட்டு மறுபடி இறங்கினார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். தவிர, அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பகுத்தறிவு பேசிப் பேசியே தலை நரைத்தவர், சாமி முன்னால் இருந்த பாட்டிலை நிறைத்தேன் என்று எந்த வாயால் சொல்வார்? அதிலும் ஒரு வேதியியல் பேராசிரியர், குழாய்த் தண்ணீரால்? எனக்கு ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அன்று முழுக்க அதே வேலை. பாட்டிலின் அடியில் பெரிய காந்தத்தை வைத்து உருண்டைகளை இழுத்துப் பிடிப்பது, மேலே இருக்கிற தண்ணீரை வடிப்பது, வடிநீரை ஊற்றிக் குலுக்குவது, மறுபடி இழுத்துப் பிடிப்பது. தேவகி குலுக்கினாள், நான் வடித்தேன், கெமிஸ்ட்ரி சார் ஊற்றினார். நிறம் பார்க்கக் காந்தத்தை எடுக்கும்போதெல்லாம் அவர் அடுத்த கேனைத் தூக்கிவரப் படி இறங்கிவிடுவார். மதியத்துக்கு மேல் சிவப்பு வந்தது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பச்சையும் வந்தது. நீலம் மட்டும் பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துகொண்டது.

"பழைய போட்டோவ காட்டிடலாமா மேடம்? அதுல நீலம் சூப்பரா இருக்குது," என்று கேட்டாள். நான் காந்தத்தைக் கீழே வைத்தேன். போட்டோவைக் காட்டினால் பொய் இல்லை. ஆனால் கண்ணெதிரே இருக்கிறதை ஒளித்துவைப்பதாகும். அவளே பாட்டிலைப் பார்த்துவிட்டு, "வேணாம். இருக்கறத காட்றேன். கேட்டா நடந்தத சொல்றேன்," என்றாள். வந்தது வரட்டும் என்றேன். அன்று ரயிலில் வீட்டுக்குப் போகும்போது எனக்குத்தான் பயமாக இருந்தது.

மறுநாள் குழு வந்தது. அதன் தலைவர் வெளியூர்க்காரர், தமிழர், அதிகம் சிரிக்காதவர். கருத்தரங்க அறை நிறைந்திருந்தது. வேதியியல்காரர்களும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தேவகி பேசி முடித்ததும் தலைவர் எழுந்து வந்து பாட்டிலைக் கையில் எடுத்தார். காந்தத்தை அதன் பக்கவாட்டில் வைத்தார். மேலிருந்து பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். இவ்வளவு பெரிய மனிதரிடம் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று யார் சொல்வது?

"சார், காந்தத்த அடியில புடிங்க. கண்ணு மேல இருக்கட்டும்," என்றாள் தேவகி, அவளுடைய சாதாரணக் குரலில். அறை அதிர்ந்தது.

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அடியில் பிடித்தார். சிவப்பு வந்தது. கிட்டே கொண்டுபோனார், பச்சை. இன்னும் கிட்டே கொண்டுபோனார். நீலம் வெளுத்துப்போய் வந்தது.

"உங்க அறிக்கையில நீலம் நல்லா வந்ததா எழுதியிருக்கீங்க. இது ஏன் இவ்வளவு மங்கலா இருக்கு?"

"ஆயுத பூஜைக்கு வச்சிருந்தப்ப இதுல குழாய்த் தண்ணி கலந்துடுச்சி சார். நிறம் மொத்தமா போயிடுச்சி. நேத்து பூரா வடிநீர்ல கழுவி இதுவரைக்கும் கொண்டாந்திருக்கோம். மிச்ச உப்பும் போனா நீலம் வந்துடும்னு நெனைக்கறேன்."

"யார் கலந்தது?"

தேவகி என்னைப் பார்க்கவில்லை. "நாங்க கேக்கல சார்," என்றாள். "இன்னாத்த ஊத்தினாங்கன்னு மட்டும்தான் கேட்டோம்."

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"நான்தாங்க ஊத்தினேன்," என்றார் கெமிஸ்ட்ரி சார். அன்றைக்கும் கறுப்புச் சட்டைதான். "அன்னிக்கு சாயங்காலம் பொரி எடுத்துக்கலாம்னு உள்ள வந்தேன். யாரும் இல்ல. சந்தனம் அப்பினதுல லேபிள் தெரியல. லேப் மேசையில இருந்திருந்தா விரலால கூட தொட்டிருக்க மாட்டேன். அது சாமி முன்னாடி பாதியா இருந்துச்சி. மனசு கேக்கல."

குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்குச் சாமி நம்பிக்கை உண்டா சார்?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"அப்புறம்?"

"எங்கம்மாவுக்கு இருந்துச்சிங்க," என்றார் அவர்.

அதற்குப் பிறகு அறையில் எழுந்த சிரிப்பில் கேலி இல்லை. தலைவரும் சிரித்தார். "கெட்டுப்போன சரக்கை மீட்டது எப்படின்னு அதையும் ஒரு அத்தியாயமா எழுதும்மா," என்று தேவகியிடம் சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். மதியத்துக்குள் நீட்டிப்பு உறுதியாகிவிட்டது. அவள் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னது பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

உங்களுக்கும் ஏதாவது ஒருநாள் ஒரு பாட்டில் நிறம் இழக்கும். அன்றைக்கு நீங்கள் தலைவராக இருந்தால், முதலில் எந்தக் கேள்வி வாயில் வருகிறது என்று கவனியுங்கள். நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்ததில் இன்னும் ஒன்று பாக்கி. குழு சாப்பிடப் போன பிறகும் கெமிஸ்ட்ரி சார் பின்வரிசையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். தேவகி மேடையிலிருந்து இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள். பேசப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும், அவள் பேசினால் எப்படி இருக்கும் என்றும் தெரியும். அவர் எழுந்து நின்றார், தலை குனிந்திருந்தது. அவள் பாட்டிலை அவர் ஒரு கையில் கொடுத்தாள், காந்தத்தை இன்னொரு கையில் கொடுத்தாள்.

"நீங்க இன்னும் பாக்கவே இல்லியே சார்," என்றாள்.

அவர் பாட்டிலைக் கண்ணுக்குக் கீழே கொண்டுவந்தார். காந்தத்தை அடியில்தான் பிடித்தார்.